தென்னந்தோப்பையும் காட்டையும் பிரித்து எண்ணுங்கள்

ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் பத்து சதவீதத்துக்கு மேல் மரக்கவிகை இருந்தால், இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் கணக்கில் அது வனப் பரப்பு. நிலம் யாருடையது, மரம் என்ன வகை என்ற கேள்வியே இல்லை. தேனி மாவட்டத்தின் கம்பம், சின்னமனூர் தென்னந்தோப்புகளும், போடி மலையின் ஏலத்தோட்டங்களும், மேகமலையின் சோலைகளும் இப்படித்தான் ஒரே பச்சையாகிவிடுகின்றன.

இது சின்ன விஷயமில்லை. மலையில் நூறு ஹெக்டேர் காடு அழிந்து, சமவெளியில் நூறு ஹெக்டேர் தோப்பு எழுந்தால் மொத்தக் கணக்கில் இழப்பு பூஜ்யம். வைகை உற்பத்தியாகும் வருசநாட்டு மலைகளும், 2021-இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமும் உள்ள வட்டாரத்துக்கு இந்தப் பூஜ்யம் ஆபத்தானது.

நாடு தழுவிய வன வரைபடத்துக்கு நெடுங்காலம் பயன்பட்ட செயற்கைக்கோள் படத்தில் ஒரு கட்டத்தின் பக்கம் 23.5 மீட்டர். 25 அடி இடைவெளியில் நட்ட தென்னையில் ஏறக்குறைய பத்து மரம் அதற்குள் அடங்கிவிடும். ஊடுபயிரான வாழையும் அந்த ஒரே நிறத்தில் கரைந்துபோகும். 2019-இல் இஸ்ரோ ஏவிய கார்ட்டோசாட்-3 போன்றவற்றின் துல்லியப் படங்களிலோ ஒவ்வொரு தென்னையின் கொண்டையும் தனித்துத் தெரியும்.

துல்லியம் வந்ததும் வேறொரு சிக்கலும் வருகிறது. வெயில் விழும் பக்கம், நிழல் பக்கம், இலை இடைவெளி என ஒரே மரம் பல துண்டுகளாக உடைகிறது. கட்டம் கட்டமாக வகைப்படுத்தும் பழைய முறை இங்கே தடுமாறும். அருகருகே உள்ள கட்டங்களை ஒரு பொருளாகச் சேர்த்து, அதன் வடிவம், அளவு, வரிசை ஒழுங்கு எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். வரிசை பிடித்த தோப்பு அப்போது காட்டிலிருந்து விலகி நிற்கும்.

ஏலத்தோட்டம் அவ்வளவு எளிதில் பிடிபடாது. ஏலம் நிழலில் வளர்வது. மேலே நிற்பவை பெரும்பாலும் காட்டு மரங்களே. எவ்வளவு கூர்மையான படமானாலும் கவிகைக்குக் கீழே இருப்பதைக் காட்டாது.

அங்கே பருவம் கைகொடுக்கும். நிழல் மரங்களைக் கவாத்து செய்தால் கவிகை திடீரென மெலியும். மலையடிவாரத்து இலவமரம் குளிர்காலத்தில் இலை உதிர்த்து மொட்டையாக நிற்கும். ஆண்டின் பல மாதங்களில் எடுத்த படங்களை ஒப்பிட்டால் இந்த மாற்றங்கள் புலப்படும். ஆனால் 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை இந்தக் கணக்கையும் குழப்பிவிடும். ஆண்டு முழுவதும் அறுவடை நடப்பதால், ஒரு பந்தல் காய்த்துத் தொங்கும்போது பக்கத்துப் பந்தல் கவாத்தாகி வெறும் கொடியாக இருக்கும்.

ஆகவே தோட்டக்காரரைக் கேட்காமல், தோப்பையும் காட்டையும் பிரிக்கும் வரைபடம் சரியாக அமையாது. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி மாணவர்களும் கிராம நிர்வாக அலுவலர்களும் தோட்டம் தோட்டமாகச் சென்று சரிபார்க்கலாம்.

இத்தகைய வேளாண் காடுகளுக்கெனத் தேசியக் கொள்கையை 2014-இலேயே வகுத்த நாடு இது. வன ஆய்வு நிறுவனத்தின் 2023 அறிக்கை அவற்றுக்குத் தனி மதிப்பீடு தந்தது நல்ல தொடக்கம். ஆனால் கிராமத்து விவசாயிக்கும் வனச்சரகருக்கும் மாநில அளவிலான மொத்தக் கணக்கு போதாது. இயற்கைக் காடு, நிழல் தோட்டம், தோப்பு, கலப்புச் சாகுபடி என நான்கையும் பிரித்துக் காட்டும் கிராம வரைபடத்தைத் தமிழக அரசு தேனி மாவட்டத்திலிருந்தே தொடங்க வேண்டும்.