கமிஷன் வாங்குபவர் கணக்குச் சொல்லட்டும்!

சேலம் கொண்டலாம்பட்டியிலிருந்து மல்லூர், புதுச்சத்திரம் வழியாக நாமக்கல் வரை நெடுஞ்சாலையில் போகிறவர்கள் இரு புறமும் ஒரே காட்சியைக் காண்கிறார்கள். மரவள்ளியும் சோளமும் விளைந்த காடுகளில் வெள்ளையடித்த கற்கள் நட்டிருக்கின்றன. வண்ணக் கொடிகள் பறக்கின்றன. இலவச வேன், மதியச் சாப்பாடு, முன்பணம் கட்டினால் தங்கக் காசு என்று விளம்பரப் பலகைகள் கூவி அழைக்கின்றன.

இந்த மனைகளை வாங்குவது யார்? பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறித் தொழிலாளி. சேலத்து வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்காரர். வடநாட்டுக்கு லோடு ஏற்றிச் செல்லும் நாமக்கல் லாரி டிரைவர். மாதக்கணக்கில் வீட்டைப் பிரிந்து ஆழ்துளைக் கிணறு தோண்டப் போகும் திருச்செங்கோட்டு ரிக் வண்டித் தொழிலாளி. சீட்டு எடுத்தும், மனைவியின் நகையை அடகு வைத்தும், கந்து வட்டிக்கு வாங்கியும் சேர்த்த பணம் அது. ஆயுளில் ஒரே ஒரு முறை இவர்கள் நிலம் வாங்குகிறார்கள். எதிரே உட்கார்ந்து பேசும் தரகரோ வாரம் ஒரு கிரயம் முடிப்பவர். தெரிந்தவனும் தெரியாதவனும் பேரம் பேசினால் யார் ஜெயிப்பார்?

தரகுத் தொழிலையே நாம் பழிக்கவில்லை. கிராமத்தில் நாலு பேருக்கு நல்லது செய்து, கொடுத்ததை வாங்கிக் கொண்டு போகும் எளிய தரகர்கள் உண்டு. நமது கேள்வி வேறு. வாங்குபவரிடமும் கமிஷன், விற்பவரிடமும் கமிஷன் என்று இரு கையாலும் வாங்குகிறவர், அதற்கு ஈடாக யாருக்கு என்ன பொறுப்பு ஏற்கிறார்?

பொறுப்பில்லாத தரகின் பலனைத் தமிழ்நாடு 2016-ல் அனுபவித்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 9-ஆம் தேதி, அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரப் பதிவு செய்யக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. விளைநிலங்கள் கண்மூடித்தனமாக மனைகளாக்கப்படுவதை எதிர்த்துத் தொடரப்பட்ட பொதுநல வழக்கில் பிறந்த உத்தரவு அது. நோக்கம் நியாயமானதே. ஆனால் அடி விழுந்தது யார் முதுகில்? காட்டை அறுத்துக் கூறுபோட்டவர் பணத்தோடு போய்விட்டார். விற்றுக் கொடுத்த தரகர் கமிஷனோடு போய்விட்டார். பத்திரத்தைக் கையில் வைத்திருந்த ஏழை, மகள் கல்யாணத்துக்குக்கூட அந்த மனையை விற்க முடியாமல் தவித்தான்.

2017 மே மாதத்தில் மனைகளை வரன்முறைப்படுத்தும் விதிகளை மாநில சர்க்கார் கொண்டு வந்தது. 2016 அக்டோபர் 20-ஆம் தேதிக்கு முந்தைய மனைப்பிரிவுகளுக்கு வழி பிறந்தது. ஆனால் மனைப்பிரிவு போட்டவர் முன்வராத இடங்களில் வரன்முறைக் கட்டணத்தையும் வளர்ச்சிக் கட்டணத்தையும் சுமந்தவர் மனை வாங்கியவரே. ஒருவர் செய்த தவறுக்கு இன்னொருவர் தண்டம் கட்டினார். "பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கிறது சார், கவலையே வேண்டாம்" என்று சொன்ன தரகரிடமிருந்து ஒரு காசுகூடத் திரும்பவில்லை. வீட்டுமனைப் பிரிவுக்கு நகர் ஊரமைப்புத் துறையின் அனுமதி வேண்டும். ஊராட்சித் தலைவரின் கையெழுத்து அதற்கு ஈடாகாது. இதை அறியாமலா தரகர் பேசினார்?

சட்டம் இல்லாமல் இல்லை. 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் முக்கிய ஷரத்துகள் 2017 மே முதல் அமுலில் உள்ளன. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவும், எட்டுக்கு மேற்பட்ட வீடுகள் கொண்ட அடுக்குமாடியும் ஆணையத்தில் பதிவு பெற வேண்டும். அவற்றை விற்றுத் தரும் தரகரும் பதிவு பெற வேண்டும். ஒவ்வொரு விற்பனையிலும் தம் பதிவு எண்ணைக் குறிப்பிட வேண்டும். பதிவாகாத திட்டத்தை விற்கக்கூடாது. கணக்குப் புத்தகம் வைக்க வேண்டும். பொய் வாக்குறுதி தரக்கூடாது. வாங்குபவருக்கு உரிய தகவல்களும் தஸ்தாவேஜுகளும் கிடைக்கச் செய்ய வேண்டும். மீறினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வீதம், சொத்து விலையில் ஐந்து சதவீதம் வரை அபராதம். பதிவு செய்யப்பட்ட ஒப்பந்தம் இல்லாமல் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கவும் மனைப்பிரிவு போட்டவருக்கு உரிமை கிடையாது.

ஏட்டில் உள்ள இந்தச் சட்டம் வேனில் ஏற்றிச் செல்லப்படும் விசைத்தறித் தொழிலாளிக்குத் தெரியுமா? தெரியாது. தெரியப்படுத்துவோரும் இல்லை. சட்டத்திலும் பெரிய ஓட்டை இருக்கிறது. அது திட்டங்களை விற்கும் தரகரை மட்டுமே கட்டுப்படுத்துகிறது. பழைய வீட்டை விற்றுத் தருபவர், கைமாறும் தனி மனையை விற்பவர், பத்து சென்ட் நிலத்தை நாலு துண்டாக்கி விற்பவர் இதற்குள் வருவதில்லை. சாமான்ய மக்கள் அதிகம் சந்திப்பது இவர்களைத்தான்!

விற்பவரின் கதையும் இதேதான். மழை பொய்த்து, கிணறு வற்றி, கடன் கழுத்தை நெரிக்கும்போது விவசாயி காட்டை விற்கிறார். தரகர் சிறு தொகையை அச்சாரமாகக் கொடுத்து கிரய ஒப்பந்தம் எழுதுகிறார்; பவர் பத்திரமும் வாங்கிக் கொள்கிறார். ஏக்கர் கணக்கில் பேசிய நிலம் சதுர அடிக் கணக்கில் விற்பனையாகிறது. நடுவில் விளைந்த லாபம் எவ்வளவு என்று நிலத்துக்காரருக்குத் தெரிவதே இல்லை. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 216-ஆம் பிரிவு சொல்வதைக் கேளுங்கள்: ஒருவருக்காக வேலை செய்யும் ஏஜெண்டு அவருக்குத் தெரியாமல் அந்தக் காரியத்தைத் தன் சொந்த வியாபாரமாக நடத்தினால், கிடைத்த லாபத்தை அவர் கேட்டுப் பெறலாம். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டமே கொடுத்த உரிமை இது!

பவர் பத்திரத்தை வைத்துக்கொண்டு "இதுவே கிரயம் மாதிரிதான்" என்று சொல்லும் தரகரை வாங்குபவரும் நம்பக்கூடாது. பவர், ஒப்பந்தம், உயில் இவற்றால் மட்டும் நிலம் கைமாறாது என்று 2011-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகத் தீர்ப்பளித்தது. பவர் கொடுத்தவர் இறந்தால் பொதுவாக அந்தப் பவரும் முடிந்துவிடுகிறது.

ஆகவே, வாங்குகிற ஒவ்வொருவரும் தரகரிடம் துணிந்து கேட்க வேண்டியவை உண்டு. தாய்ப் பத்திரம் எங்கே? முப்பது வருஷ வில்லங்கச் சான்று எங்கே? பட்டா யார் பெயரில் உள்ளது? அனுமதி எண் என்ன, ஆணையப் பதிவு எண் என்ன? பூங்காவும் பாதையும் ஸ்தல ஸ்தாபனத்துக்கு எழுதிக் கொடுக்கப்பட்டு விட்டனவா? நிலம் ஓடைப் புறம்போக்கா, பூதான நிலமா, தாழ்த்தப்பட்ட மக்களுக்கு ஒப்படைக்கப்பட்ட பஞ்சமி நிலமா? பஞ்சமி நிலத்தைப் பறித்து விற்பது அந்த மக்களுக்கு இழைக்கும் துரோகம்; வாங்கியவரின் பணத்துக்கும் அது உலை. வில்லங்கச் சான்றில் பதிவான பத்திரங்கள்தான் தெரியும். பதிவாகாத பாகத் தகராறு அதில் வராது. அதனால் அக்கம்பக்கத்துக் காட்டுக்காரர்களையும் விசாரியுங்கள். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக அச்சாரம் வாங்குவதை வருமான வரிச் சட்டம் 2015 ஜூன் முதல் தடுக்கிறது. "கொஞ்சம் வெள்ளை, மிச்சம் கறுப்பு" என்று யோசனை சொல்லும் தரகர் உங்கள் கையிலுள்ள ஒரே சாட்சியத்தைப் பறிக்கிறார் என்று அறியுங்கள்.

இவற்றையெல்லாம் தனி மனிதன் தலையில் கட்டிவிட்டு சர்க்கார் ஒதுங்க முடியுமா? முடியாது. முதலாளித்துவ நாடான சிங்கப்பூரிலேயே 2010-ல் தரகர்களுக்கென்று தனிச் சட்டமும் தனிக் குழுவும் வந்தன. பதிவில்லாதவர் அங்கே தரகு பார்க்க முடியாது. ஒரே கிரயத்தில் வாங்குபவருக்கும் விற்பவருக்கும் ஒரே தரகர் வேலை செய்வது குற்றம். விற்பனைப் பணத்தைத் தரகர் கையால் தொடவும் தடை. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

நாம் கோருவது இவைதான்:

நிலம், வீடு, மனை எதுவானாலும் கமிஷன் வாங்குகிற அனைவரையும் பதிவுக்குள் கொண்டு வர வேண்டும். சிறு தரகர்களுக்குக் கட்டணம் பெயரளவில் இருக்கட்டும்.

கமிஷனுக்கு ரசீது கொடுக்க வேண்டும். தரகர் யாருக்காக வேலை செய்கிறார், அந்த நிலத்தில் தமக்கு என்ன பங்கு என்பதை எழுத்தில் தர வேண்டும்.

அனுமதி பெற்ற மனைப்பிரிவுகளின் பட்டியலை, சர்வே எண்ணுடன் தமிழில், ஒவ்வொரு சார்பதிவாளர் அலுவலகத்திலும் ஊராட்சி அலுவலகத்திலும் ஒட்ட வேண்டும்.

ரியல் எஸ்டேட் ஆணையம் சேலத்திலும் நாமக்கல்லிலும் வந்து விசாரணை நடத்த வேண்டும். பரமத்திவேலூர்க்காரர் நியாயம் கேட்கச் சென்னைக்கு அலையக்கூடாது.

அனுமதியில்லா மனையை விற்றவரிடமிருந்தும் விற்றுக் கொடுத்தவரிடமிருந்தும் வரன்முறைச் செலவை வசூலிக்க வேண்டும்.

ஒரே மனைப்பிரிவில் ஏமாந்தவர்கள் தனித்தனியே அழுது பயனில்லை. ஒன்றுகூடுங்கள், சேர்ந்து மனுக் கொடுங்கள். பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, மலைவாழ் மக்களுக்கும், ஆலைத் தொழிலாளர்களுக்கும், குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கும் இலவசமாக வக்கீல் வைத்துத் தரும் கடமை வட்ட சட்டப் பணிகள் குழுவுக்கு உண்டு. தொழிற்சங்கங்களும் விவசாயிகள் சங்கங்களும் தங்கள் உறுப்பினர்களின் பத்திரங்களைப் பார்த்துச் சொல்ல ஏற்பாடு செய்யட்டும்.

தறியில் நின்று கால் வீங்கியவன் சேர்த்த காசு அது. அதில் பங்கு வாங்குகிறவர் பதிலும் சொல்லியாக வேண்டும்!