கட்டிக்குள் நடப்பது நமக்கும் தெரிய வேண்டும்

அவிநாசியிலிருந்து சேலம் சாலையில் போனால், பெருந்துறையில் 'சானடோரியம்' என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. காசநோயாளிகளை ஊருக்கு வெளியே மாதக்கணக்கில் தங்கவைத்த காலத்தின் மிச்சம் அது. அந்த இடத்தில் இப்போது அரசு மருத்துவக் கல்லூரி நடக்கிறது. அப்படி ஒதுக்கிவைக்கத் தேவையில்லை என்று உலகத்துக்குக் காட்டியதும் தமிழ்நாடுதான். 1956-ல் சென்னையில் தொடங்கிய ஆய்வில் 193 நோயாளிகளில் பாதிப் பேர் சானடோரியத்திலும் மற்றவர்கள் சொந்த வீட்டிலும் ஓராண்டு மருந்து சாப்பிட்டார்கள். 1959-ல் முடிவு வந்தபோது வீட்டிலிருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவு தேறியிருந்தார்கள். வீட்டாருக்கும் கூடுதலாகத் தொற்றவில்லை. நோயாளி எங்கே இருக்கலாம் என்ற கேள்வி அத்தோடு தீர்ந்தது. அவர் நுரையீரலுக்குள் என்ன நடக்கிறது என்ற கேள்வியைத்தான் பெரும்பாலும் வெளிநாட்டு ஆய்வகங்களிடம் விட்டுவிட்டோம்.

காசநோய்க் கிருமி நுழைந்ததும் வெள்ளணுக்கள் அதைச் சூழ்ந்துகொண்டு கிரானுலோமா என்னும் சிறு கட்டியாகின்றன. சாயமேற்றிய செத்த திசுவை மைக்ராஸ்கோப்பில் பார்த்தே, உடல் தன்னைக் காக்க எழுப்பும் அரண் இது என்று வெகுகாலம் எழுதிவந்தார்கள். சிதம்பரத்தில் பிறந்த நோபல் விஞ்ஞானி வெங்கி ராமகிருஷ்ணனின் தங்கை லலிதா ராமகிருஷ்ணன், ஜீப்ரா மீன் குஞ்சுகளில் காசநோய்க் கிருமிக்கு உறவான ஒரு கிருமியைச் செலுத்திப் பார்த்தார். அந்தக் குஞ்சுகளின் உடல் கண்ணாடிபோலத் தெளிவானது. உயிரோடிருக்கும்போதே அணுக்களின் நடமாட்டம் தெரியும். 2009-ல் அவர் குழு வெளியிட்ட முடிவு பழைய நம்பிக்கையை அசைத்தது. கிருமி தொற்றிய வெள்ளணு சாகிறது, புதிதாக வருபவை அதை விழுங்குகின்றன, கிருமி அவற்றுக்குள் பரவுகிறது. சில அணுக்கள் கட்டியைவிட்டு வெளியேறி வேறிடத்தில் புதுக் கட்டிக்கு வித்திடுகின்றன. அரண் என்று நினைத்தது, தொடக்கத்திலாவது, கிருமிக்கு வளரிடம். செத்த திசுவை எத்தனை ஆண்டு உற்றுப் பார்த்தாலும் இந்தப் போக்குவரத்து தெரிந்திருக்காது.

மீனில் கண்டது மனிதனுக்குப் பொருந்துமா என்று கேட்பது நியாயம். அதனால்தான் மனிதத் திசு வேண்டும் என்கிறேன். தென்கொரியாவில் காசநோயாளிகளின் நுரையீரலிலிருந்து அறுவை செய்து எடுத்த பகுதிகளை வைத்து, எந்த மருந்து கட்டியின் எந்த இடம்வரை போகிறது என்று ஓர் ஆய்வு படம்பிடித்தது, 2015-ல் வெளியானது. கட்டியின் நடுவில் பாலாடைக்கட்டிபோல அழுகிக் கிடக்கும் பகுதியில் ரிஃபாம்பிசின் சேர்கிறது, மாக்சிஃப்ளாக்சசின் சரியாக எட்டுவதில்லை. ரத்தத்தில் மருந்தின் அளவை மட்டும் பார்த்தால் இது புலப்படாது. 2022-ல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் மனிதக் கட்டிகளில் எந்த அணு எதன் பக்கத்தில் இருக்கிறது, எந்தப் புரதத்தைத் தாங்கியிருக்கிறது என்று வரைபடமே போட்டார்கள்; எதிர்ப்பாற்றலை அடக்கும் சமிக்ஞைகள் அங்கே மிகுந்திருந்தன.

இன்னும் வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு: பசித்த நோயாளிக்குச் சோறு போடாமல், திசுவை இப்படிப் படம்பிடிக்கக் கோடிக்கணக்கில் கருவி எதற்கு? ஜார்க்கண்டில் நோயாளியின் குடும்பத்தாருக்குச் சத்துணவு கொடுத்ததில் அவர்களுக்குக் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைந்ததாக 2023-ல் வெளியான ஆய்வு காட்டியது. தமிழ்நாடு 2022-ல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டமும் கருவியை நம்பியதல்ல, தீவிர நோயாளியை முதல் நாளே இனங்கண்டு படுக்கை கொடுப்பதை நம்பியது. இவற்றிலிருந்து ஒரு ரூபாயைக்கூட எடுக்கக் கூடாது. ஆனால் ஆறு மாதம் மாத்திரை விழுங்க வேண்டிய நிலையைச் சோறு மாற்றிவிடாது. பின்னலாடைக் கம்பெனியில் நாள்கூலிக்குப் போகிறவருக்கு ஆறு மாதம் என்பது சின்ன விஷயமில்லை. அதைச் சுருக்க வேண்டுமானால் கட்டிக்குள் மருந்துக்கும் அணுவுக்கும் கிருமிக்கும் என்ன நடக்கிறது என்று தெரிந்தாக வேண்டும்.

உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியர். ஆகவே திசுவுக்குப் பஞ்சமில்லை. நுரையீரல் அறுவை நடக்கும் மருத்துவமனைகளில், நோயாளிக்குத் தமிழில் விளக்கிச் சம்மதம் வாங்கி, எடுத்த திசுவை முறையாகக் குளிரில் காக்க ஓர் ஏற்பாடு வேண்டும். மெல்லிய சீவல்களாக்கி ஊட்டநீரில் வைத்தால் சில நாள் உயிரோடிருக்கும் திசுவில் மருந்தைச் சோதிக்கவும் முடியும். கருவி ஒவ்வொரு கல்லூரிக்கும் வேண்டியதில்லை. சேத்துப்பட்டிலுள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தில் ஒன்று இருந்து, பெருந்துறையும் கோவையும் அதில் நேரம் கேட்டுப் பெற முடிந்தால் போதும். திசு வெளிநாடு போனால் தரவு யாருக்குச் சொந்தம் என்பதையும் முதல் ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும்.