டிக் டிக் ஓசையும் ஆறாயிரம் வெள்ளியும்

சிங்கப்பூரில் கார்கள் முதுமை அடைவது அரிது. 1990ஆம் ஆண்டு நடப்புக்கு வந்த வாகன உரிமைச் சான்றிதழ் பத்தாண்டுகளில் காலாவதியாகிறது. அதன்பின் காரைப் பதிவிலிருந்து நீக்கவேண்டும். அல்லது அப்போதைய கட்டணத்தைச் செலுத்தி ஐந்தோ பத்தோ ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கவேண்டும். பலர் முன்னதையே செய்கின்றனர். ஆகவே, இயந்திரம் முனகத் தொடங்கும் வயதில் அது நம்மிடம் இருப்பதில்லை. முனகலின் பொருளைக் கற்கும் தேவையும் நமக்கு எழுவதில்லை. இந்த அறியாமைக்கு விலை உண்டு என்பதைச் சொல்லவே இப்பதிவு.

நான் ஐந்தாண்டுகளுக்குப் புதுப்பித்தவன். வாரம் மும்முறை மாமியாரைச் சிறுநீரகச் சுத்திகரிப்புக்கு அழைத்துச் செல்லவேண்டிய கட்டாயம். கட்டணம் செலுத்திச் சேமிப்பு கரைந்திருந்த வேளையில், மார்சிலிங்கில் எங்கள் புளோக்கின் பலமாடி வாகன நிறுத்துமிடத்தில் ஒரு காலை அந்த ஓசையைக் கேட்டேன். சிமெண்டுச் சுவர்களில் மோதித் திரும்பிய சீரான 'டிக் டிக்'. பின்புறம் சற்று நீலப் புகை.

ஒரு பணிமனைக்குச் சென்றேன். ஐந்து நிமிடம் காதுகொடுத்துக் கேட்டவர், "இஞ்சின் ஆயில் குடிக்குது சார். மொத்தமா இறக்கிப் பிரிக்கணும். ஆறாயிரம் வெள்ளி ஆகும்" என்றார். எதையும் அளந்து பார்க்கவில்லை. நானும் தலையசைக்கும் நிலையில்தான் இருந்தேன்.

காப்பாற்றியவர் பக்கத்துப் புளோக்கில் வசிக்கும், ஓய்வுபெற்ற பேருந்து மெக்கானிக் ஒருவர். அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "தம்பி, ஆயில் அளவைப் பார்த்தீங்களா?"

நான் பார்த்ததில்லை. சமதரையில், இயந்திரத்தை நிறுத்திச் சில நிமிடம் கழித்து அளவுகோலை உருவித் துடைத்து மீண்டும் செருகி எடுத்தோம். அதன் நுனிகூட நனையவில்லை. ஒரு லிட்டருக்கும் மேல் ஊற்றி இயக்கியபோது, சற்று நேரத்தில் ஓசை அடங்கிவிட்டது.

காரணம் எளியது. என் காரில் வால்வுகளை இயக்கும் லிஃப்டர்கள், எண்ணெய் அழுத்தத்தால் இடைவெளியை நிரப்பிக்கொள்ளும் வகையைச் சேர்ந்தவை. எண்ணெய் குறைந்தால் இடைவெளி விழும். உலோகம் உலோகத்தைத் தட்டும். சிவப்பு விளக்கு எரியவில்லையே என்று நம்பியிருந்தேன். அந்த விளக்கு காட்டுவது எண்ணெயின் அழுத்தத்தை, அளவை அன்று. அது எரியும்போது தேய்மானம் தொடங்கியிருக்கலாம்.

எல்லா 'டிக் டிக்'கும் இதுவன்று. குளிர்ந்த நிலையில் கேட்டு, சூடேறியதும் மறைவது புகைக்குழாய் இணைப்பின் கசிவாக இருக்கலாம். முடுக்கும்போது ஆழத்திலிருந்து 'டொக் டொக்' என்று இடித்தால் உடனே வண்டியை நிறுத்துவதே அறிவு.

ஓசை அடங்கியது, எண்ணெய் எங்கே போயிற்று என்ற கேள்வி எஞ்சியது. இரவில் காரின் அடியில் அட்டை விரித்தேன்; சொட்டு விழவில்லை. குளிர்விப்பு நீரில் எண்ணெய்ப் படலம் இல்லை. ஆகவே எரிகிறது. ஒரு குறிப்பேட்டில் ஓடிய தூரத்தையும் ஊற்றிய எண்ணெயையும் எழுதிவந்தேன்: 800 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர்! புகையும் ஒரு செய்தி சொன்னது. முடுக்கும்போதெல்லாம் வந்தால் பிஸ்டன் வளையங்களை ஐயுறவேண்டும். என் காரிலோ இரவெல்லாம் நின்றபின் இயக்கும்போது மட்டும் வந்தது. வால்வுத் தண்டுகளின் ரப்பர் அடைப்பான்கள் தளர்ந்ததற்கு அது அடையாளம்.

குறிப்பேட்டோடு வேறொரு பணிமனைக்குச் சென்று, சிலிண்டர்களின் அழுத்தத்தை அளக்கச் சொன்னேன். நான்கும் ஏறக்குறைய ஒரே அளவு. வளையங்கள் நலமாக இருந்தன. உள்ளே சேரும் ஆவியை வெளியேற்றும் பிசிவி வால்வு திறந்தபடியே சிக்கி, எண்ணெயையும் சேர்த்து உறிஞ்சிக்கொண்டிருந்தது. அதை மாற்றினர். சிலிண்டர் தலையைக் கழற்றாமலே, காற்றழுத்தத்தால் வால்வுகளைத் தாங்கிப் பிடித்து அடைப்பான்களையும் மாற்றினர். செலவு முதலில் கேட்டதில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

முதற்பணிமனையார் பொய்யர் என்று சொல்லமாட்டேன். வளையங்கள் தேய்ந்திருந்தால் அவர் சொன்னதே சரியாகியிருக்கும். ஆனால் அப்போதும் அளவீட்டைக் கண்டபின் கொடுத்திருப்பேன். முதலில் நோய், பிறகு அதன் காரணம், அதன்பின் தணிக்கும் வழி என்று வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தில் வகுத்த வரிசையை ஆண்டுதோறும் மாணவர்களுக்குச் சொல்கிறேன். என் காருக்கு மட்டும் மூன்றாவதிலிருந்து தொடங்கவிருந்தேன்!

வீட்டிலேயே பழுதுபார்க்கச் சொல்கிறேன் என்று எண்ணவேண்டாம். வீவக வாகன நிறுத்துமிடங்களில் அதற்கு இடமில்லை. பழைய எண்ணெயைக் கால்வாயில் ஊற்றுவதோ குற்றம். இத்தீவின் மூன்றில் இரண்டு பங்கு நிலத்தில் விழும் மழைநீர் நாம் குடிக்கும் நீர்த்தேக்கங்களுக்கே செல்கிறது. கெட்டி எண்ணெயும் கடையில் விற்கும் மருந்துப் புட்டியும் ஓசையை மறைக்கலாம். சிக்கிய வால்வை மாற்றா. எரியும் எண்ணெய் புகைவடிப்பானைக் கெடுக்கும்; பத்தாண்டு கடந்த கார் ஆண்டுதோறும் செல்லவேண்டிய பரிசோதனையில் அது தெரிந்துவிடும்.

பழுதுபார்ப்பது பணிமனையின் வேலை. பார்ப்பதும் கேட்பதும் அளந்து எழுதுவதும் நம் வேலை. அதற்கு ஒரு பழந்துணியும் குறிப்பேடும் போதும். என் கார் இன்றும் சிறிது எண்ணெய் குடிக்கிறது. ஆனால் இப்போது ஒரு லிட்டர் மூவாயிரம் கிலோமீட்டர் வரை தாங்குகிறது. ஞாயிறு காலைதோறும் அளவுகோலை உருவிப் பார்க்கிறேன். திங்கட்கிழமை மாமியாரை அழைத்துச் செல்லவேண்டுமே.