மயக்கமும் தெளிவும்

ஐயம் தெளிதலே கல்வியின் முதற்பயன் எனலாம். ஐயத்தோடு வரும் மாணவரை அவ்வையத்தோடே திருப்பி அனுப்புவோமாயின், நாம் கற்றதனாலும் கற்பிப்பதனாலும் பயன் யாது? சென்ற கல்வியாண்டில் அப்பிழையை நானே செய்தேன். அதனை ஒப்புக்கொள்வதற்கும் திருத்திக்கொள்வதற்குமே இக்கட்டுரை.

இலக்கண வகுப்பு முடிந்து வெளியே வந்தபொழுது இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "ஐயா, கொடைக்கானலில் போதைக் காளான் கிடைக்குமாம். அதைத் தின்றால் மூளை வெந்துபோகும் என்று ஊரில் சொல்கிறார்கள். அது மனநோய்க்கு மருந்து என்று அலைபேசியில் ஒருவர் பேசுகிறார். எது ஐயா உண்மை?" நான், "அதெல்லாம் விலக்கப்பட்டது தம்பி, அருகே போகாதீர்" என்று கூறி அனுப்பிவிட்டேன். அவர் தலையசைத்துச் சென்றார். ஆயினும் என் விடை அவர் வினாவிற்குரியதன்று. எது ஆகும், எது ஆகாது என்று அவர் கேட்கவில்லை. எது உண்மை என்றே கேட்டார். தமிழாசிரியனாகிய நான் அறிவியல் நூல்களையும் ஆய்வுச் செய்திகளையும் தேடிப் படித்தது அதன் பின்னரே. படித்துத் தெளிந்தவற்றை மாணவச் செல்வங்களுக்கும் சமுதாயப் பெரியோர்க்கும் ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றேன்.

பெயரும் பிறப்பும்

இக்காளான்களில் உள்ள வேதிப்பொருளின் பெயர் சைலோசைபின். அதனையுடைய காளான் இனத்திற்குச் 'சைலோசைபி' என்று பெயர். கிரேக்க மொழியில் 'சைலோஸ்' என்றால் வெறுமை. 'கூபே' என்றால் தலை. மொட்டைத் தலை என்பதே அப்பெயரின் பொருள். வழுவழுப்பான குடையைக் கண்டு வைத்த பெயர் அது.

மெக்சிகோ நாட்டின் பழங்குடியினர் இதனை நெடுங்காலமாக அறிந்திருந்தனர். ஒகசாக்கா மாநிலத்து மசட்டெக் மக்கள் நோய் தீர்க்கும் இரவுச் சடங்குகளில் மட்டுமே இதனைப் பயன்படுத்தினர். 1955ஆம் ஆண்டு அம்மாநிலத்தின் உவாட்லா என்னும் ஊருக்குச் சென்ற நியூயார்க் வங்கியாளர் கார்டன் வாசன், மரியா சபினா என்ற மருத்துவ மூதாட்டியின் சடங்கில் கலந்துகொண்டார். 1957இல் 'லைஃப்' இதழில் அதைப்பற்றி எழுதினார். மறு ஆண்டே சுவிட்சர்லாந்தின் பேசல் நகரில் ஆல்பர்ட் ஹாஃப்மன் என்னும் வேதியியலறிஞர் காளானிலிருந்து சைலோசைபினைப் பிரித்தெடுத்தார்.

அதன்பின் நேர்ந்தது வருந்தத்தக்கது. வேடிக்கை நாடிய அயலார் கூட்டங்கூட்டமாக அவ்வூருக்கு வந்தனர். காவல்துறை பின்தொடர்ந்தது. மரியா சபினாவின் வீடு தீக்கிரையாக்கப்பட்டது. தம் மக்கள் நோய்க்கென்று காத்த பொருளை அயலார்க்குக் காட்டியமைக்காக அம்மூதாட்டி பின்னாளில் வருந்தினார். மருத்துவம் விளையாட்டாகும்பொழுது முதலில் அழிவது மருத்துவமே என்பதற்கு இவ்வரலாறு போதிய சான்றாகும்.

மூளையுள் நிகழ்வது

மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. பெரும்பாலும் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையே மிக நுண்ணிய இடைவெளி உண்டு. அவ்விடைவெளியைக் கடந்து செய்தி கொண்டுசெல்லும் வேதித் தூதுவர்கள் பல. அவற்றுள் ஒன்று செரட்டோனின். உறக்கம், பசி, மனநிலை முதலியவற்றில் அதற்குப் பங்குண்டு. தூதுவரை ஏற்கும் வாயில்களை 'ஏற்பிகள்' என்பர். செரட்டோனினுக்கு மட்டும் பதினான்குக்குக் குறையாத ஏற்பி வகைகள் உள்ளன.

சைலோசைபின் உண்ட நிலையிலேயே மூளையைத் தாக்குவதில்லை. உடலில் உள்ள நொதிகள் அதிலிருந்து பாஸ்பேட் பகுதியை நீக்கிச் 'சைலோசின்' என்னும் பொருளாக மாற்றுகின்றன. சைலோசினின் உருவமைப்பு செரட்டோனினை ஒத்தது. ஆகவே அது குருதியினின்று மூளைக்குள் புகுந்து, செரட்டோனினுக்குரிய வாயில்களில் அமர்ந்துகொள்கிறது. அவற்றுள் தலையாயது '5-எச்டி-2ஏ' எனப்படும் ஏற்பி. சிந்தனைக்கும் காட்சிக்கும் உரிய மூளைப் புறணியில் இவ்வேற்பிகள் செறிந்துள்ளன. 1998இல் சூரிச் நகரில் வோலன்வைடரும் அவர்தம் குழுவினரும் இதனை ஐயமற விளக்கினர். அவ்வேற்பியை அடைக்கும் மருந்தை முன்னதாகவே கொடுத்துவிட்டுச் சைலோசைபினைக் கொடுத்தபொழுது மயக்கக் காட்சிகள் தோன்றவில்லை.

உண்ட அரைமணி நேரத்தளவில் மாற்றம் தொடங்கி, நான்கு முதல் ஆறு மணி நேரம் வரை நீடிக்கும். கண்மணி விரியும், இதயத்துடிப்பும் குருதியழுத்தமும் ஏறும், குமட்டல் தோன்றுவதும் உண்டு. சுவர் அசைவது போலவும், ஓசை நிறமாவது போலவும், காலம் நின்றுவிட்டது போலவும் தோன்றும்.

இவ்விளைவின் தன்மையை உணரத் தமிழே நமக்குத் துணை செய்கிறது. 'மயக்கம்' என்னும் சொல்லை அறிவு மங்குதல் என்ற பொருளில் உலக வழக்கில் ஆள்கிறோம். இலக்கண நூலாரோ அதனைக் 'கலத்தல்' என்ற பொருளில் ஆள்வர். மெய்ம்மயக்கம், வேற்றுமை மயக்கம், திணைமயக்கம் என வகுப்பறையில் நாம் பயில்வன அவை. மதுவின் மயக்கம் முதல் வகையைச் சார்ந்தது. அது மூளையை மந்தமாக்குகிறது. சைலோசைபினின் மயக்கம் இரண்டாம் வகையைச் சார்ந்தது. தத்தம் எல்லைக்குள் இயங்கும் மூளைப் பகுதிகளின் வரம்பு தளர்கிறது. தனித்தனியே நிற்க வேண்டியவை ஒன்றோடொன்று கலக்கின்றன.

2012இல் இலண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் நலமுள்ள 30 பேருக்குச் சைலோசைபினை ஊசிவழிச் செலுத்தி மூளையைப் படமெடுத்தனர். இத்துணைக் காட்சிகள் தோன்றுவதால் மூளையின் இயக்கம் மிகும் என்று எண்ணத் தோன்றும். ஆனால் பல பகுதிகளை இணைக்கும் முக்கிய மையங்களில் இயக்கம் குறைந்தே காணப்பட்டது. நாம் வாளா இருக்கும்பொழுது நம்மைப்பற்றியே எண்ணவைக்கும் மூளைக் கூட்டமைப்பைச் சார்ந்தவை அம்மையங்கள். 'நான்' என்னும் உணர்வு கரைந்ததாகப் பலர் கூறுவதற்கு இதுவே காரணமாகலாம் என்பர். 2024இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகர ஆய்வாளர்கள் 7 பேரை மீண்டும் மீண்டும் படமெடுத்து, அக்கூட்டமைப்பின் ஒத்திசைவு பெரிதும் குலைவதைக் கண்டனர். பெரும்பாலான மாற்றங்கள் விரைவில் சீராயின. ஆயினும் நினைவுக்குரிய ஹிப்போகாம்பஸ் பகுதிக்கும் அக்கூட்டமைப்புக்கும் உள்ள தொடர்பு சில வாரங்கள் வரை தளர்ந்தே இருந்தது.

ஆதலின் 'மூளை வெந்துபோகும்' என்பது உண்மையன்று. 'ஆறு மணி நேரத்தில் ஒன்றுமில்லாமல் போய்விடும்' என்பதும் உண்மையன்று.

மருந்தாகுமா?

மனச்சோர்வு நோயுற்றோர் ஒரே துயர எண்ணத்தைச் சுற்றிச் சுற்றி வருவர். இறுகிப்போன அத்தடத்தைச் சற்றே தளர்த்தினால் நோய் தணியுமோ என்பதே ஆய்வாளர்தம் எண்ணம். 2021இல் யேல் பல்கலைக்கழகத்தார் எலிகளின் மூளையில், ஒருமுறை கொடுத்த சைலோசைபினால் நரம்பணு இணைப்புக்குரிய நுண்முட்கள் ஏறத்தாழ 10 விழுக்காடு மிகுந்து, ஒரு திங்கள் வரை நிலைத்ததைக் கண்டனர்.

2022இல் வெளியான ஆய்வொன்றில், பிற மருந்துகளால் தீராத மனச்சோர்வுடைய 233 பேர் பங்கேற்றனர். 25 மில்லிகிராம் பெற்றவர்க்கு, 1 மில்லிகிராம் பெற்றவரைவிட மூன்றாம் வாரத்தில் நோய் கூடுதலாகத் தணிந்தது. அதே ஆய்வில் தலைவலி, குமட்டல், தலைச்சுற்றல் ஆகியன பலர்க்கு நேர்ந்தன. தற்கொலை எண்ணமோ, தம்மைத் தாமே ஊறுபடுத்தும் செயலோ எல்லாப் பிரிவினரிடையேயும் சிலரிடம் காணப்பட்டன. ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலை முதல், ஒப்புதல் பெற்ற மனநல மருத்துவர் இத்தகைய நோயாளிக்கு மட்டும் இதனை வழங்க இசைவு தரப்பட்டுள்ளது.

இவற்றைக் கேட்டு, "அப்படியாயின் நல்லதுதானே" என்று இளைஞர் துள்ளுதல் ஆகாது. ஆய்வுக்கூடத்தில் அளவு திட்டமானது, பொருள் தூய்மையானது. மனச்சிதைவு நோய் உடையோர் முன்னதாகவே விலக்கப்படுகின்றனர். பயிற்சி பெற்றோர் உடனிருந்து காக்கின்றனர். மலைச்சரிவில் பொட்டலமாக விற்கப்படுவதில் இவற்றுள் எதுவும் இல்லை. அறுவை மருத்துவர் கையிலுள்ள கத்தி உயிர் காக்கிறது என்பதற்காக அதனை இருட்டில் வீசி விளையாடுவார் உளரோ?

ஏதங்கள்

முதலாவது, காளானுக்குக் காளான் சைலோசைபினின் அளவு மாறும். ஒருவர் தாங்கியதை மற்றவர் தாங்கார்.

இரண்டாவது, நச்சுக்காளானை இனங்காணுதல் எளிதன்று. கேலரினா என்னும் இனத்துள் சில இதனை ஒத்த தோற்றமுடையன. அவற்றிலுள்ள அமட்டாக்சின் என்னும் நஞ்சு பல மணி நேரம் யாதொரு குறியும் காட்டாதிருந்து, பின்னர்க் கல்லீரலை அழிக்கும். உயிருக்கே உலையாவது இதுவே.

மூன்றாவது, மனச்சிதைவு நோயோ இருமுனை மனநோயோ தமக்கோ தம் குடும்பத்தார்க்கோ இருப்பின், அந்நோய் கிளர்ந்தெழ இது காரணமாகலாம். குடும்பத்தில் அத்தகையோர் இருந்ததை நம் வீடுகளில் வெளியே சொல்வதில்லை. பிள்ளைகளுக்கே சொல்வதில்லை. தமக்கு இடர் உண்டென்பதை அறியாமலே அப்பிள்ளை அதனை வாயிலிடுவார்.

நான்காவது, மயக்கத்தில் எழும் பேரச்சம். உயரத்தையும் ஓட்டத்தையும் அளக்கும் அறிவு கலங்கியிருக்கையில் பள்ளத்தாக்கின் விளிம்பில் நிற்பவர் நிலையை விளக்க வேண்டுவதில்லை. சிலர்க்குக் காட்சிப் பிறழ்ச்சி நெடுநாள் நீடிப்பதும் உண்டு.

ஐந்தாவது, சட்டம். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப் பட்டியலில் சைலோசைபினும் சைலோசினும் இடம்பெற்றுள்ளன. கொடைக்கானலில் இக்காளான் விற்றோர் கைதான செய்திகளை நாளேடுகளில் காண்கிறோம். ஒரு வழக்கு ஒரு மாணவரின் வேலைவாய்ப்பையும் வெளிநாட்டுப் பயணத்தையும் எவ்வாறு அடைத்துவிடும் என்பதைப் பெற்றோர் நன்கறிவர்.

ஹெராயின், மது போன்று இஃது உடலை அடிமைப்படுத்துவதாகக் காணப்படவில்லை. இதனையும் நான் மறைக்காமல் கூறுகின்றேன். மறைத்தால், மேற்கூறிய ஐந்தையும் மாணவர் நம்பமாட்டார்.

நம் கடமை

இக்கட்டுரையின் சாரமும் அதுவே. இளைஞரை அச்சுறுத்திக் காத்த காலம் கழிந்தது. ஒரு செய்தியைச் சரிபார்க்கும் கருவி அவர்தம் சட்டைப்பையிலேயே உள்ளது. நாம் பத்துச் செய்திகள் கூறி, அவற்றுள் ஒன்று பொய்யென்று அவர் கண்டுவிட்டால், எஞ்சிய ஒன்பதையும் பொய்யென்றே கொள்வார். அதன்பின் அவர் செவிசாய்ப்பது வணிகர் சொல்லுக்கே.

மனிதனிடத்துக் காக்கப்பட வேண்டியவை மார்க்கம், உயிர், அறிவு, வழித்தோன்றல், பொருள் என்னும் ஐந்து என இமாம் கஸ்ஸாலி அவர்கள் வகுத்துரைத்தார்கள். அவற்றுள் அறிவும் ஒன்றாக இடம்பெற்றிருத்தல் எண்ணி மகிழத்தக்கது. வள்ளுவரும் கள்ளுண்ணாமைக்கென்று தனி அதிகாரமே வகுத்தார். நோயால் சிதைந்த அறிவை மீட்க ஒரு மருந்து பயன்படுமாயின், அதனை மருத்துவரும் மார்க்க அறிஞரும் கூடியிருந்து ஆராயட்டும். நலமாக இருக்கும் அறிவைப் பணயமாக வைத்து விளையாடுவதற்கு அவ்வாராய்ச்சி சான்றாகாது.

சமுதாயப் பெரியோர்க்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை வினவும்பொழுது சினவாதீர்கள். சினந்தால் வினா நிற்காது. வினவும் இடமே மாறும். பிள்ளை உறங்காமலும் உண்ணாமலும் ஒடுங்கிக் கிடந்தால், அதனைச் சோம்பல் என்று ஒதுக்காமல் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். துயரம் தாளாமல் மயக்கம் தேடிப் போகும் பிள்ளைகளும் உளர். குடும்பத்தில் மனநோய் இருந்திருப்பின் அதனை மறைக்காமல் சொல்லுங்கள்.

மாணவச் செல்வங்களே! உங்கள் மூளையின் வாயில்கள் ஒவ்வொன்றும் விலைமதிப்பற்றவை. யாரை உள்ளே விடுவது என்பதை மலைச்சரிவு வணிகரிடம் விட்டுவிடாதீர்கள்.

அன்று வினவிய மாணவர் இப்பொழுது மூன்றாம் ஆண்டு பயில்கிறார். இம்மலரின் படி அவர் கைக்கும் சேரும். தம்பி, ஓராண்டு கழித்துத் தருகின்றேன். உம் வினாவிற்கு விடை இதுவே. எல்லாம் வல்ல இறைவன் நம் அனைவர்க்கும் தெளிந்த அறிவை அருள்வானாக!