மலாவி: களஞ்சியம் நிறைந்தும் குறையாத வறுமை

தென்கிழக்கு ஆப்பிரிக்காவில் கடற்கரையே இல்லாத சிறிய நாடான மலாவி, ஒரு காலத்தில் சர்வதேசப் பொருளாதார வல்லுநர்களுக்கே பாடம் புகட்டிய நாடு என்று பாராட்டப்பட்டது. 2005ஆம் ஆண்டு அந்நாட்டின் மக்காச்சோள அறுவடை சுமார் 12 லட்சம் டன்னாகச் சுருங்கியபோது, ஏறக்குறைய 50 லட்சம் மக்கள் உணவு உதவியை எதிர்பார்க்க நேர்ந்தது. இரண்டே ஆண்டுகளில், அரசின் கணக்குப்படி, அறுவடை 30 லட்சம் டன்னைத் தாண்டியது. ஜிம்பாப்வேக்கு மக்காச்சோளம் ஏற்றுமதியும் ஆனது.

இடையில் நடந்தவை இரண்டு. ஒன்று மானியம், மற்றொன்று மழை. 2004இல் பதவிக்கு வந்த அதிபர் பிங்கு வா முத்தாரிக்கா, சிறு விவசாயிகளுக்கு உரத்தையும் விதையையும் குறைந்த விலையில் கூப்பன் மூலம் வழங்கும் திட்டத்தைத் தொடங்கினார். உதவி வழங்கும் நாடுகளும் உலக வங்கியும் அத்தகைய மானியங்களைப் பல ஆண்டுகளாக எதிர்த்து வந்தன. உலக வங்கியிலேயே முன்னர் பணியாற்றியவரான முத்தாரிக்கா அந்த ஆலோசனையைப் புறக்கணித்தார். அவ்வாண்டு பருவமழையும் கைகொடுத்தது.

அவரது பிடிவாதத்திற்குக் காரணம் இருந்தது. 2001ஆம் ஆண்டு நாட்டின் அவசரத் தானியக் கையிருப்பு ஏறக்குறைய முழுவதுமாக விற்கப்பட்டது. அதையடுத்து 2002இல் பஞ்சம் வந்தது. கையிருப்பை விற்குமாறு சர்வதேச நாணய நிதியமே கூறியது என்றது அரசு. நிதியம் அதை மறுத்தது. விற்ற பணம் யாருக்குப் பயன்பட்டது என்பது இன்றுவரை சர்ச்சைக்குரியதாகவே இருக்கிறது.

ஆனால் இந்தக் கதையில் பெரும்பாலும் விடுபட்டுப்போகும் ஒரு புள்ளிவிவரம் உண்டு. தேசிய வறுமைக் கோட்டின்படி 2004-05இல் மலாவி மக்களில் 52.4 சதவீதத்தினர் ஏழைகள். 2010-11இல், பல நல்ல அறுவடைகளுக்குப் பின்னர், அது 50.7 சதவீதம். 2019-20இலும் அதே 50.7 சதவீதம்.

விளக்கம் வயலிலிருந்தே தொடங்குகிறது. பெரும்பாலான குடும்பங்களிடம் ஒரு ஹெக்டேருக்கும் குறைவான நிலமே இருக்கிறது. விளைவது நிசிமா என்ற, தமிழர்கள் அறிந்த களியைப் போன்ற உணவுக்கே போய்விடுகிறது. ஜனவரி முதல் மார்ச் வரை, பழைய தானியம் தீர்ந்து புதியது விளையாத மாதங்களில், ஏழைகள் 'கன்யு' எனப்படும் அன்றாடக் கூலி வேலைக்குப் பிறர் நிலத்திற்குச் செல்கிறார்கள். சொந்த வயலில் களையெடுக்க வேண்டிய நாட்களும் அவையே. அடுத்த ஆண்டின் பசி அங்கேயே விதைக்கப்பட்டுவிடுகிறது. ஒரு மூட்டை உரம் இதைத் தணிக்கலாம். நிலத்தையோ வேறு வருமானத்தையோ அது தருவதில்லை.

அந்த மூட்டையும் உள்நாட்டுப் பொருளல்ல. உரம் மொசாம்பிக்கின் பெய்ரா, நக்காலா துறைமுகங்கள் அல்லது தான்சானியாவின் தாருஸ்ஸலாம் வழியாக, டாலர் கொடுத்துத் தருவிக்கப்படுகிறது. டாலரைத் தருவது முக்கியமாகப் புகையிலை. மானியத் திட்டம் 2008-09இல் அரசின் மொத்தச் செலவில் சுமார் 16 சதவீதத்தை விழுங்கியது. நாணயமான குவாச்சாவின் மதிப்பை முத்தாரிக்கா செயற்கையாக உயர்த்தி வைத்ததால் டாலர் தட்டுப்பட்டது. எரிபொருள் நிலையங்களில் நீண்ட வரிசைகள் உருவாயின. 2011 ஜூலையில் நடந்த ஆர்ப்பாட்டங்களின்போது சுமார் 20 பேர் கொல்லப்பட்டனர். 2012 ஏப்ரலில் முத்தாரிக்கா இறந்ததும், அவருக்குப் பின் வந்த ஜாய்ஸ் பாண்டா நாணய மதிப்பைக் குறைத்தார். ஒரு டாலர் 250 குவாச்சா ஆனது. 2023 நவம்பரில் அது 1,700ஐ எட்டியது. சிச்சேவா மொழியில் குவாச்சா என்றால் விடியல் என்று பொருள்.

மானியம் சரியா தவறா என்ற வாதத்திலேயே வெளிநாட்டு நிபுணர்கள் காலம் கழிக்க, உரத்தை யார் தருவிப்பது, கூப்பன் யாருக்குப் போவது, கணக்கை யார் பார்ப்பது என்ற கேள்விகள் பின்தள்ளப்பட்டன. 2013இல் அரசுக் கருவூலத்தின் கணினி வழிக் கணக்கு முறையிலிருந்தே ஆறு மாதங்களில் 3 கோடி டாலருக்கும் அதிகமான பணம் சூறையாடப்பட்டது அம்பலமானது. 'கேஷ்கேட்' என்று பெயர்பெற்ற அந்த ஊழலுக்குப் பின், நேரடி வரவுசெலவுத் திட்ட உதவியை மேற்கு நாடுகள் நிறுத்தின. 2022இல் மற்றொன்று. மானிய உரம் வாங்குவதற்காக, பிரிட்டனில் இறைச்சி வணிகம் செய்யும் ஒரு நிறுவனத்திற்கு 7 லட்சத்து 25 ஆயிரம் டாலர் முன்பணம் அனுப்பப்பட்டிருந்தது, உரம் வரவில்லை. அதிபர் லாசரஸ் சக்வேரா விவசாய அமைச்சரைப் பதவிநீக்கினார். அந்தப் பருவத்தில் மானிய உரத்துக்காகக் காத்திருந்த விவசாயிக்கு அதனால் பயனேதும் இல்லை. மழை எந்த விசாரணைக்காகவும் காத்திருப்பதில்லை.

இயற்கையும் இரக்கம் காட்டவில்லை. 2023 மார்ச்சில் ஃப்ரெடி சூறாவளி தெற்குப் பகுதியைச் சிதைத்தது. 2024இல் வறட்சியால் 28 மாவட்டங்களில் 23இல் பேரிடர் நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. 2023 நவம்பரில் ஒப்புதல் பெற்ற சர்வதேச நாணய நிதியத்தின் கடன் திட்டம், ஒரு மீளாய்வுகூட நிறைவேறாமல் 2025 மே மாதம் முடிவுக்கு வந்தது.

2025 செப்டம்பர் தேர்தலில் வாக்காளர்கள் சக்வேராவைத் தோற்கடித்தார்கள். வென்றவர், மறைந்த பிங்குவின் சகோதரரும் முன்னாள் அதிபருமான பீட்டர் முத்தாரிக்கா. அவர் முன்னுள்ள கணக்கு அண்ணன் விட்டுச்சென்ற அதே கணக்குத்தான். புகையிலை ஏலம் வழக்கமாக ஏப்ரல் வாக்கில் தொடங்கிச் சில மாதங்களே நடக்கும். அதில் சேரும் டாலருக்கு எரிபொருளும் மருந்தும் முதலில் கை நீட்டும். நவம்பரில் மழை தொடங்குவதற்கு முன் உரம் கிராமத்தைச் சென்றடைய வேண்டும்.