சீரொளியும் செந்தமிழும்

குற்றாலத்தில் நீராடியோர் அறிவர்: சாரல் முகத்தைத் தழுவும், பேரருவியோ தோளை அறையும். இரண்டும் நீரே. சிதறி விழுவது மெல்லியது. ஒருங்கே வீழ்வது வலியது. ஒளியும் அத்தகையதே. விளக்கொளி பல நிறங்களாய், பல பக்கமும் சிதறுகிறது. அலைகள் யாவும் ஒரே நீளமும் ஒத்த நடையும் கொண்டு ஒருமுகமாய்ச் செல்லுமாயின், அது சீரொளி. 1960-இல் அமெரிக்க அறிஞர் மெய்மன் முதன்முதல் இயக்கிக் காட்டிய இதனையே நம் ஏடுகள் 'இலேசர்' என்றெழுதுகின்றன.

அச்சீரொளி இன்று கதிரவனின் பணியை மண்ணில் செய்ய முனைந்துள்ளது. கதிரவனுள் நீரக அணுக்கருக்கள் இணைந்து, ஈலியம் எனப்படும் பரிதியமாகிப் பேராற்றலை உமிழ்கின்றன. இதுவே அணுக்கரு இணைவு. அமெரிக்காவின் இலிவர்மோர் ஆய்வகத்தில் 2022 திசம்பர் 5 அன்று, 192 சீரொளிக் கற்றைகள் பொன் வேய்ந்த சிறு குழலுள் பாய்ந்தன. அங்கெழுந்த ஊடுகதிர்கள், மிளகளவான உருண்டையிலிருந்த நீரக எரிபொருளை நெருக்கி இணைத்தன. உட்செலுத்திய ஒளியாற்றல் 20.5 இலக்கம் சூல். வெளிப்பட்ட இணைவாற்றல் 31.5 இலக்கம் சூல். ஆய்வகத்தில் இட்டதினும் மிகுதியாய்ப் பெற்றது அதுவே முதன்முறை. எனினும், அக்கற்றைகளை எழுப்ப மின்கட்டமைப்பினின்று பெற்றதோ ஏறத்தாழ 30 கோடி சூல்! இவ்வழியில் வீட்டு விளக்கு எரிய இன்னும் நெடுவழி செல்லவேண்டும்.

அந்நெடுவழியில் தென்காசிப் பள்ளிப் பிள்ளையும் நடக்கவேண்டாவா? இந்தூரில் சீரொளி ஆய்வும், காந்திநகரில் காந்தப்புலவழி இணைவாய்வும் நடைபெறுகின்றன. ஆங்குச் செல்லுமுன், அறிவு அவன் நெஞ்சில் தாய்மொழியில் வேரூன்றவேண்டும். 'அணுக்கரு இணைவு' என்றதும் கருக்கள் இணைகின்றன என அவனுக்கு விளங்குகிறது. 'இலேசர்' என்றால் என்ன விளங்கும்? அஃது ஐந்து ஆங்கிலச் சொற்களின் தலையெழுத்துகளைக் கோத்த வெற்றொலி. 'சீரொளி'யோ, செய்யுட் சீர்போல் அலைகள் ஒத்து நடப்பதைத் தானே உரைக்கிறது.

"உலகமே இலேசர் என்கிறதே!" என்பர் சிலர். சீனர் அவ்வாறு சொல்லவில்லை. 1964-இலேயே, கிளர்ந்த ஒளி எனும் பொருள்படத் தம் மொழியில் சொல் கண்டனர். இணைவாய்வுக்கெனத் தாம் எழுப்பிய மாபெருஞ் சீரொளிக் கூடத்திற்கும் 'தெய்வ ஒளி' எனச் சீனப் பெயரே சூட்டினர். தாய்மொழிச் சொல் அவர்தம் ஆய்வைத் தடுத்ததா? இல்லையே!

மொழிஞாயிறு பாவாணர் 1902-இல் பிறந்த சங்கரன்கோவில், 2019-இல் அமைந்த தென்காசி மாவட்டத்தில் உள்ளது. வேர்ச்சொல் வளத்தால் எப்புதுமைக்கும் தமிழில் பெயரிடலாம் எனக் காட்டியவர் அவர். 'அணுக்கரு இணைவு' பாடநூலேறி நிலைத்துவிட்டது; 'சீரொளி' நிலைக்காமைக்குக் குறை சொல்லிடத்து இல்லை, நம் நாவிடத்தே உள்ளது. ஆசிரியர்காள்! வகுப்பறையில் சீரொளி என்றே சொல்லுங்கள். இதழாசிரியர்காள்! அவ்வாறே எழுதுங்கள். சிதறிய தமிழுணர்வு பயன்தராது, ஒருமுகப்படுவோம்!