ஊர்ப் படத்தில் ஒரு வெற்றுப் பெட்டியும் இருக்கட்டும்





பாடசாலை விழா, கழகத்தின் ஆண்டு நிறைவு, பழைய மாணவர் ஒன்றுகூடல் என்று எது வந்தாலும் இப்போது ஒரு பெரிய பேனர் கட்டுகிறோம். பழைய படங்களைக் கணினியில் வெட்டி ஒட்டி ஒரே படமாக்கி அதில் போடுகிறோம். பிள்ளைகள் இதை கொலாஜ் என்கிறார்கள். நல்ல வேலை. திறமையான பிள்ளைகள் போனிலேயே அரை மணித்தியாலத்தில் முடித்துவிடுகிறார்கள்.

ஆனால் "எங்கள் ஊரின் வரலாறு" என்று தலைப்புப் போட்டு ஒட்டும்போது அது வெறும் அலங்காரம் இல்லை. நாளைய பிள்ளைகள் அதைப் பார்த்துத்தான் ஊரை அறிவார்கள். படம் இருப்பவர் ஊரில் இருந்தவர், படம் இல்லாதவர் இல்லாதவர் என்று ஆகிவிடும். அதனால்தான் இதைப் பற்றிப் பேச விரும்புகிறோம்.

படங்களை வெட்டி ஒட்ட உலகமே பயன்படுத்தும் போட்டோஷாப்பின் முதற்பதிப்பு வெளிவந்தது 1990 பெப்ரவரியில். அதே ஆண்டு ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் கிடைத்தது இரண்டு மணித்தியால அவகாசம். மன்னார்த் தீவு மக்களில் பலர் வள்ளங்களில் வந்து இறங்கியது எங்கள் கற்பிட்டிக் கரையில். உடுத்த துணியோடும் கைப்பிள்ளைகளோடும் வந்தவர்களில் எத்தனை பேருக்கு அலுமாரியைத் திறந்து அல்பத்தைத் தேடி எடுக்க நேரம் இருந்திருக்கும்?

இன்று எங்கள் வகுப்புகளில் இரு தரப்புப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருக்கிறார்கள். ஒரு பிள்ளையின் வீட்டில் உப்பப்பாவின் கல்யாணப் படம் வரைக்கும் உண்டு. பக்கத்துப் பிள்ளையின் வீட்டில் 1990க்கு முந்திய படம் ஒன்றுகூட இல்லை. "வீட்டிலுள்ள பழைய படங்களைக் கொண்டு வாருங்கள்" என்று நாங்கள் பொதுவாகச் சொன்னால், அந்த இரண்டாவது பிள்ளை வெறுங்கையோடுதான் வரும். வந்த படங்களை மட்டும் ஒட்டினால் ஊரின் கதையிலிருந்து அந்தக் குடும்பத்தை நாங்களும் ஒரு தடவை வெளியேற்றியதாகிவிடும்.

இதற்குச் சிலர் சொல்லும் வழி, இணையத்தில் ஒரு பழைய கடற்கரைப் படத்தை எடுத்து அந்த இடத்தில் ஒட்டுவது. இன்னும் சிலர் செயற்கை நுண்ணறிவுச் செயலியில் போட்டு மௌத்தானவரின் முகத்தையே "உருவாக்கி" விடுகிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அது அந்த மனிதரின் முகம் இல்லை. ஒரு பொய்ப் படம் சேர்ந்துவிட்டால் பக்கத்திலுள்ள உண்மைப் படங்களையும் யாரும் நம்பமாட்டார்கள். தவறான படம் என்ன செய்யும் என்பது எங்கள் சமூகத்துக்குத் தெரியாததும் இல்லை. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளின் பின்னர் தேடப்படுவோர் பட்டியலில் அமெரிக்காவில் வாழும் அமாரா மஜீத் என்ற எழுத்தாளரின் படத்தைப் பொலிஸார் தவறுதலாக வெளியிட்டார்கள். தவறு என்று பொலிஸாரே பிறகு ஒப்புக்கொண்டார்கள். அதற்குள் அந்தப் படம் உலகமெல்லாம் சுற்றிவிட்டது.

எங்கள் கருத்து இதுதான்: படம் இல்லாத குடும்பத்துக்கு கொலாஜில் ஒரு வெற்றுப் பெட்டி விடுங்கள். மற்றப் படங்களின் அதே அளவு, அதே சட்டகம். உள்ளே மூத்தம்மாவின் வாயால் கேட்டு இரண்டு வரி எழுதுங்கள்: எந்த ஊர், யாருடைய படம், சுவரில் எங்கே தொங்கியது.

இது புதுமையான யோசனையும் இல்லை. யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன் 2011இல் "த இன்கம்ப்ளீட் தோம்பு" என்றொரு நூல் வெளியிட்டார். தோம்பு என்பது ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடு. வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த மக்கள் தாங்கள் விட்டுவந்த வீட்டை நினைவிலிருந்து கோடுகளாக வரைந்து கொடுத்தார்கள். அந்தக் கோடுகளே நூலாயின. கையில் ஒன்றும் மிஞ்சாதவரிடம் நினைவு மிஞ்சியிருக்கிறது. அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

வேலை செய்யும் பிள்ளைகளுக்குச் சில விடயங்கள்:

1. பழைய படத்தைப் போனில் பிடிக்காமல் ஸ்கேன் செய்யுங்கள். 6 அங்குலம் நீளம், 4 அங்குலம் அகலமுள்ள படத்தை 600 டிபிஐயில் எடுத்தால் 3600 × 2400 பிக்சல் கிடைக்கும். பேனருக்கும் தாங்கும்.

2. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அளவு சுருங்கும், தெளிவு குறையும். டொகியுமெண்டாக அனுப்புங்கள்.

3. அழிப்பானால் அழிக்காதீர்கள். ஒவ்வொரு படத்தையும் தனித்தனி லேயரில் வைத்து, வேண்டாத பகுதியை மாஸ்க் போட்டு மறையுங்கள். மறைத்ததைத் திரும்ப எடுக்கலாம். கிம்ப் இலவச மென்பொருள், இதெல்லாம் அதிலேயே முடியும்.

4. ஸ்கேன் செய்த மூலப் பிரதியில் கை வைக்காதீர்கள். அதைத் தனிக் கோப்புறையில் வையுங்கள். கீறலைத் திருத்துவதும் நிறம் சேர்ப்பதும் பிரதியில் மட்டும். கீழே "திருத்தப்பட்டது" என்று எழுதுங்கள்.

5. உம்மாமார், சகோதரிகள் உள்ள படங்களை வீட்டாரிடம் கேட்காமல் போடாதீர்கள். படமே வேண்டாம் என்பவர்களும் ஊரில் உண்டு. அவர்களுக்குப் பெயர் மட்டும் போதும். படம் தந்தவர் தந்தது அமானிதம். பெயர் எழுதி வாங்கி, பெயர் பார்த்துத் திருப்பிக் கொடுங்கள்.

"வெற்றுப் பெட்டி வைத்தால் பேனர் அழகு கெட்டுவிடும்" என்று சிலர் சொல்லலாம். கெடட்டும். பேனர் ஒரு கிழமையில் வெயிலில் வெளிறிவிடும். ஆனால் விழாவுக்கு வரும் ஒரு மூத்தம்மா அந்தப் பெட்டியின் முன்னால் நின்று பேரப்பிள்ளைக்கு "இது எங்கட வீடு" என்று சொன்னால், படம் இருந்த எந்தப் பெட்டியும் செய்யாத வேலையை அது செய்துவிடும்.

இன்னுமொரு அவசரமும் இருக்கிறது. 1990இல் முப்பது வயதாக இருந்தவர்கள் இன்று அறுபதைத் தாண்டிவிட்டார்கள். ஹயாத்தோடு இருக்கும்போதே போய்க் கேளுங்கள். அடுத்த விழாவுக்குப் பேனர் அடிக்கும் கழகங்களும் பழைய மாணவர்களும் இதைக் கவனத்தில் எடுக்குமாறு வேண்டுகிறோம்.

மாற்றுக் கருத்துள்ளவர்கள் தாராளமாகச் சொல்லுங்கள். அல்லாஹ் எங்கள் ஊரின் ஒற்றுமையைப் பாதுகாப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.